நெடுந்தூர விமானப் பயணம்: வசதிக்காகக் கூடுதல் கட்டணம் செலுத்துவது எப்போது பயன் தரும்?

கல்லாறு (திருவனந்தபுரம்): பொன்முடி மலையின் 22 கொண்டை ஊசி வளைவுகளுக்குக் கீழே, வாமனபுரம் ஆற்றின் மேற்பகுதியில் அமைந்துள்ள சிற்றூர் கல்லாறு. இங்கிருந்து விதுரா, நெடுமங்காடு வழியாகத் திருவனந்தபுரம் நகரை அடைய சுமார் 45 கிலோமீட்டர் பயணிக்க வேண்டும். இந்த மலையடிவாரச் சாலையில் அதிகாலையிலும் நள்ளிரவிலும் பெட்டிகளுடன் விமான நிலையம் நோக்கிச் செல்லும் குடும்பங்களுக்கு அண்மைக் காலமாக ஒரு புதிய கேள்வி எழுந்துள்ளது. பயணச்சீட்டு வாங்கும்போது திரையில் தோன்றும் "கூடுதல் கட்டணத்தில் கூடுதல் வசதி" என்ற வாய்ப்பை ஏற்பதா, மறுப்பதா?

வளைகுடா நாடுகளுக்கு மட்டும் பயணம் இருந்த காலத்தில் இக்கேள்விக்குப் பெரிய இடமில்லை. நான்கு மணி நேரப் பயணத்தை எந்த இருக்கையிலும் கடந்துவிடலாம். இப்போது நிலைமை மாறியுள்ளது. கேரளப் புலம்பெயர்வு ஆய்வு 2023-இன்படி, அம்மாநிலத்தைச் சேர்ந்த சுமார் 22 லட்சம் பேர் வெளிநாடுகளில் வசிக்கின்றனர். இவர்களில் மாணவர்களின் எண்ணிக்கை 2018-இல் சுமார் 1.3 லட்சமாக இருந்தது. 2023-இல் அது ஏறத்தாழ 2.5 லட்சமாக உயர்ந்தது. பிரிட்டன், கனடா உள்ளிட்ட தொலைதூர நாடுகளை நோக்கிய பயணம் பெருகியுள்ளது என்பதே இதன் பொருள். மாணவர்களைத் தொடர்ந்து பேரக்குழந்தைகளைப் பார்க்கச் செல்லும் முதியோரும் இந்த நீண்ட பயணங்களை மேற்கொள்கின்றனர். திருவனந்தபுரத்தை அருகிலுள்ள பன்னாட்டு விமான நிலையமாகக் கொண்டுள்ள கன்னியாகுமரி மாவட்டப் பயணிகளின் நிலையும் இதுவே.

இந்த முடிவை எடுப்பதற்கு முன் பயணிகள் அறிந்திருக்க வேண்டியவை குறித்து விரிவாகக் காண்போம்.

முதலில் மொத்த நேரத்தைக் கணக்கிட வேண்டும்

திருவனந்தபுரத்திலிருந்து ஐரோப்பாவுக்கோ வட அமெரிக்காவுக்கோ செல்வோர் வழக்கமாக துபாய், அபுதாபி, தோஹா போன்ற வளைகுடா நகரங்களிலோ மும்பை, டெல்லியிலோ விமானம் மாற வேண்டும். கேரளத்தின் நேரடி லண்டன் சேவையாக இருந்த ஏர் இந்தியாவின் கொச்சி - லண்டன் காட்விக் விமானமும் 2025 மார்ச் இறுதியுடன் நிறுத்தப்பட்டது. சென்னைவாசிகளுக்கு லண்டன், பிராங்பர்ட் ஆகிய நகரங்களுக்கு நேரடி விமானத்தில் ஏறும் வாய்ப்பு உண்டு. தென் கேரளத்தினருக்கும் குமரி மாவட்டத்தினருக்கும் அந்த வாய்ப்பு அருகில் இல்லை.

கல்லாற்றிலிருந்து கனடாவின் டொரோண்டோ நகருக்குச் செல்லும் ஒருவரை எடுத்துக்கொள்வோம். விமான நிலையத்தை அடையச் சுமார் ஒன்றரை மணி நேரம். பன்னாட்டுப் பயணம் என்பதால் மூன்று மணி நேரம் முன்னதாக அங்கிருக்க வேண்டும். வளைகுடாவுக்கு நான்கு மணி நேரத்துக்குச் சற்று அதிகம். அங்கே இணைப்பு விமானத்துக்காக மூன்று மணி நேரம் காத்திருப்பதாகக் கொள்வோம். பின்னர் டொரோண்டோவுக்குச் சுமார் 14 மணி நேரம். இறங்கியபின் குடியேற்றச் சோதனை, பெட்டிகளுக்கான காத்திருப்பு. எல்லாவற்றையும் கூட்டினால் 27 மணி நேரத்தை நெருங்குகிறது.

இந்த 27 மணி நேரத்தில் உயர் வகுப்புக் கட்டணம் மாற்றக்கூடியது விமானத்துக்குள் இருக்கும் 18 மணி நேரத்தை மட்டுமே. காத்திருப்பு நேரம் பத்து மணியாக நீண்டால், எந்த இருக்கையும் அந்தக் களைப்பைப் போக்காது. எனவே மலிவான பயணச்சீட்டுக்கும் சற்று விலை கூடிய பயணச்சீட்டுக்கும் உள்ள வேறுபாடு நீண்ட காத்திருப்பினால் ஏற்பட்டதாக இருந்தால், முதலில் அந்தக் காத்திருப்பைக் குறைக்கப் பணம் செலவிடுவதே பொருத்தமானது.

திருவனந்தபுரத்துக்கே உரிய ஒரு தகவலும் இங்கே குறிப்பிடத்தக்கது. பத்மநாபசுவாமி கோயிலின் பங்குனி, ஐப்பசி ஆராட்டு ஊர்வலங்கள் விமான நிலைய ஓடுபாதையைக் கடந்தே சங்குமுகம் கடற்கரைக்குச் செல்கின்றன. ஆண்டுக்கு இருமுறை அந்த நாள்களில் மாலையில் சில மணி நேரம் விமானங்கள் இயக்கப்படுவதில்லை. நேரங்கள் முன்கூட்டியே அறிவிக்கப்படும் என்பதால் அந்தத் தேதிகளில் பயணிப்போர் அதற்கேற்பத் திட்டமிடலாம்.

எந்த வகுப்பில் என்ன கிடைக்கிறது?

இருக்கை வசதியை அளவிட இரு அளவுகள் பயன்படுகின்றன. ஓர் இருக்கையின் ஒரு புள்ளியிலிருந்து முன்னிருக்கையின் அதே புள்ளி வரையுள்ள தூரம் இருக்கை இடைவெளி எனப்படுகிறது. மற்றொன்று இருக்கையின் அகலம்.

எகானமி: நெடுந்தூர விமானங்களில் இருக்கை இடைவெளி பெரும்பாலும் 31 முதல் 32 அங்குலம். குறைந்த கட்டண விமானங்களில் இது 28 அல்லது 29 அங்குலமாகவும் சுருங்கும். அகலம் 17 முதல் 18 அங்குலம்.

கூடுதல் கால் இட இருக்கை: இது தனி வகுப்பு அன்று. அதே எகானமி இருக்கைதான். அவசரகால வழி அருகிலோ பகுதியின் முதல் வரிசையிலோ அமைந்திருப்பதால் காலை நீட்ட முடியும். உணவு, சேவை ஆகியவற்றில் மாற்றம் இராது. அவசரகால வழி அருகிலுள்ள இருக்கை குழந்தைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் பிறர் உதவி தேவைப்படும் முதியோருக்கும் வழங்கப்படாது.

பிரீமியம் எகானமி: 1990-களின் தொடக்கத்தில் தைவானின் இவா ஏர், பிரிட்டனின் விர்ஜின் அட்லாண்டிக் ஆகிய நிறுவனங்கள் இதற்கு வழிவகுத்தன. இந்திய நிறுவனங்களில் 2015-இல் பறக்கத் தொடங்கிய விஸ்தாரா இதை அறிமுகப்படுத்தியது. அந்நிறுவனம் 2024 நவம்பரில் ஏர் இந்தியாவுடன் இணைக்கப்பட்டது. இவ்வகுப்பில் இடைவெளி சுமார் 38 அங்குலம். அகலமும் ஒன்றிரண்டு அங்குலம் கூடும். இருக்கை மேலும் சாயும், ஆனால் படுக்கையாகாது.

பிசினஸ்: பிரிட்டிஷ் ஏர்வேஸ் 2000-ஆம் ஆண்டு வாக்கில் முழுவதும் கிடைமட்டமாகும் படுக்கையை இவ்வகுப்புக்குக் கொண்டுவந்தது. இன்று நெடுந்தூரச் சேவைகளில் அதுவே பொது அளவுகோலாகிவிட்டது. கால் நீட்டிப் படுத்து உறங்குவது சாத்தியமாவது பெரும்பாலும் இந்த வகுப்பிலிருந்துதான்.

இந்த ஒப்பீட்டிலிருந்து ஒன்று புலனாகிறது. பிரீமியம் எகானமி இட நெருக்கடியைக் குறைக்கிறது. பிசினஸ் வகுப்பு உறக்கத்தைத் தருகிறது. தமக்குத் தேவை இவற்றில் எது என்பதைத் தெளிவுபடுத்திக்கொள்ளாமல் பணம் செலுத்துவோரே பின்னர் ஏமாற்றமடைகின்றனர்.

பணத்தால் மாற்ற முடியாதவை

விமானத்தின் உட்பகுதியில் காற்றழுத்தம் பொதுவாக 1,800 முதல் 2,400 மீட்டர் உயரத்தில் நிலவும் அழுத்தத்துக்கு இணையாக வைக்கப்படுகிறது. கல்லாற்றின் மேலே உள்ள பொன்முடியின் உயரம் சுமார் 1,100 மீட்டர். உதகமண்டலம் சுமார் 2,240 மீட்டர் உயரத்தில் உள்ளது. ஆக, நெடுந்தூர விமானத்தில் அமர்ந்திருப்பவர் பல மணி நேரம் ஏறத்தாழ உதகை உயரத்துக் காற்றைச் சுவாசிக்கிறார். காற்றின் ஈரப்பதமும் 10 முதல் 20 சதவீதம் அளவுக்கே இருக்கும். தொண்டை வறள்வதற்கும் கண் எரிவதற்கும் இதுவே காரணம். முன்வரிசையில் லட்ச ரூபாய் கூடுதலாகச் செலுத்தியவருக்கும் கடைசி வரிசையில் இருப்பவருக்கும் இந்த அழுத்தம் ஒன்றே. நேர மண்டல மாற்றத்தால் ஏற்படும் உடற்கடிகாரக் குழப்பமும் வகுப்பு பார்த்து வருவதில்லை.

விமான வகையைத் தேர்ந்தெடுத்தால் இதில் ஓரளவு முன்னேற்றம் கிடைக்கும். போயிங் 787, ஏர்பஸ் ஏ350 ஆகிய புதிய விமானங்களில் உட்புற அழுத்தம் சுமார் 1,800 மீட்டர் உயரத்துக்கு இணையாகப் பேணப்படுகிறது.

கால் நரம்புகளில் இரத்தம் உறையும் ஆபத்து குறித்தும் பயணிகளிடையே தவறான எண்ணம் நிலவுகிறது. "எகானமி வகுப்பு நோய்" என்றே இது பேச்சுவழக்கில் குறிப்பிடப்படுகிறது. உலக சுகாதார அமைப்பு 2007-இல் வெளியிட்ட ஆய்வின்படி, நான்கு மணி நேரத்துக்கு மேல் அசையாமல் அமர்ந்து பயணிக்கும்போது இந்த ஆபத்து ஏறத்தாழ இரட்டிப்பாகிறது. எனினும் ஆரோக்கியமானவர்களில் அது சுமார் 6,000 பேரில் ஒருவருக்கு என்ற அளவிலேயே உள்ளது. பேருந்து, ரயில், கார் பயணங்களுக்கும் இதே நிலைதான்.

அமெரிக்க மார்பு மருத்துவர்கள் கல்லூரி 2012-இல் வெளியிட்ட வழிகாட்டுதல்கள், எகானமி வகுப்பில் அமர்வதே இந்த ஆபத்தை உண்டாக்குகிறது என்பதற்கு உறுதியான சான்று இல்லை எனத் தெரிவித்தன. ஜன்னல் ஓர இருக்கையில் நெடுநேரம் எழாமல் இருப்பது ஆபத்தைக் கூட்டக்கூடும் என்றும் அவை குறிப்பிட்டன. அதாவது இருக்கையின் விலையைவிட, எழுந்து நடப்பதே முக்கியம். நடைபாதை ஓர இருக்கை, அவ்வப்போது நடத்தல், கெண்டைக்காலை அசைத்தல் ஆகியவை எந்த வகுப்பிலும் சாத்தியம். முன்னர் இரத்த உறைவு ஏற்பட்டவர்கள், அண்மையில் அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்கள், புற்றுநோய் சிகிச்சையில் உள்ளவர்கள், கர்ப்பிணிகள் ஆகியோர் பயணத்துக்கு முன் மருத்துவரை அணுகி, அழுத்தக் காலுறை தேவையா எனக் கேட்டறிய வேண்டும்.

கட்டணத்தை மணிக் கணக்கில் பிரித்துப் பார்க்கலாம்

கூடுதல் கட்டணம் நியாயமானதா என்பதை அறிய ஓர் எளிய வழி உள்ளது. கட்டண வேறுபாட்டை, உண்மையில் வசதி கிடைக்கும் மணி நேரத்தால் வகுக்க வேண்டும். பின்வரும் தொகைகள் கணக்கை விளக்குவதற்கான கற்பனை எடுத்துக்காட்டே தவிர, நடப்புக் கட்டணங்கள் அல்ல.

எகானமி அடிப்படைக் கட்டணம் ரூ.50,000 எனவும், பிரீமியம் எகானமி ரூ.85,000 எனவும் வைத்துக்கொள்வோம். வேறுபாடு ரூ.35,000 எனத் தோன்றும். ஆனால் வரியைச் சேர்க்க வேண்டும். 2025 செப்டம்பர் 22 முதல் எகானமி அல்லாத பிற வகுப்புகளுக்கான ஜிஎஸ்டி 12 சதவீதத்திலிருந்து 18 சதவீதமாக உயர்த்தப்பட்டது. எகானமிக்கு 5 சதவீதமே தொடர்கிறது. பிரீமியம் எகானமியும் உயர் வரியின் கீழ் வருகிறது. எனவே வரியுடன் எகானமி ரூ.52,500, பிரீமியம் எகானமி ரூ.1,00,300. உண்மையான வேறுபாடு ரூ.47,800.

அடுத்து நேரம். வளைகுடாவுக்குச் செல்லும் முதல் விமானத்தில் பிரீமியம் எகானமி பகுதியே இல்லாமல் இருக்கலாம். அப்போது உயர் வகுப்புச் சீட்டு வைத்திருந்தாலும் அந்த நான்கு மணி நேரம் சாதாரண இருக்கைதான். ஆகவே 14 மணி நேரத்தை மட்டும் கணக்கில் கொண்டால், ஒரு மணி நேரத்துக்குச் சுமார் ரூ.3,400 ஆகிறது. அதே நீண்ட பயணத்தில் கூடுதல் கால் இட இருக்கை ரூ.7,000 எனில், மணிக்கு ரூ.500 மட்டுமே.

இந்தக் கணக்கைப் போட்டபின், குடும்பத்தில் அந்தப் பணம் வேறெங்கே பயன்படும் என்று ஒப்பிட்டால் முடிவு தெளிவாகிவிடும்.

யாருக்கு எது பொருந்தும்?

மாணவர்கள்: கல்விக் கடனில் பயணச்சீட்டு வாங்குவோருக்கு உயர் வகுப்பு ஏற்றதன்று. இருக்கைக்காகச் செலவிடும் தொகைக்கும் வட்டி ஏறும். புதிய நாட்டில் முதல் மாத வாடகைக்கும் குளிர்கால உடைக்கும் அந்தப் பணம் தேவைப்படும். சில நிறுவனங்கள் மாணவர்களுக்குக் கூடுதல் பெட்டி எடையுடன் சிறப்புக் கட்டணம் வழங்குகின்றன. 20 வயதுடையவருக்குச் சாயும் இருக்கையைவிட அந்தக் கூடுதல் எடையே பெரும் பயன்.

விடுப்பில் வரும் பணியாளர்கள்: கையில் இருப்பது பத்து நாள் விடுப்பு மட்டும் எனில், பயணக் களைப்பில் இழக்கும் ஒரு நாளுக்கும் மதிப்புண்டு. வீட்டுக்கு வரும்போது சோர்வைப் பொறுத்துக்கொள்ள முடியும். திரும்பிச் சென்ற மறுநாள் காலையே பணியில் சேர வேண்டியவர், அந்தத் திரும்பும் வழியில் மட்டும், அதுவும் இரவு விமானத்துக்கு மட்டும் கூடுதல் கட்டணம் செலுத்துவது பொருந்தும். பகல் நேர விமானத்தில் படுக்கைக்குப் பணம் கொடுப்பதன் பயன் குறைவு.

முதியோர்: கூடுதல் கட்டணத்துக்கு மிக வலுவான காரணம் உள்ளவர்கள் இவர்களே. முழங்கால் தேய்மானம், முதுகுவலி, அடிக்கடி எழ வேண்டிய தேவை ஆகியவை உள்ளவர்களுக்கு 14 மணி நேர நெருக்கடி உண்மையான துன்பம். ஆயினும் பலர் சக்கர நாற்காலி உதவியும் உயர் வகுப்பும் ஒன்றெனக் கருதுகின்றனர். சக்கர நாற்காலி உதவிக்கு உயர் வகுப்புச் சீட்டு தேவையில்லை. பயணத்துக்குக் குறைந்தது 48 மணி நேரத்துக்கு முன் நிறுவனத்திடம் பதிவு செய்வது நல்லது. பெரிய வளைகுடா நிலையங்களில் வாயில்களுக்கிடையே நெடுந்தூரம் நடக்க வேண்டியிருப்பதால், பெற்றோரின் பயணத்தில் இந்தப் பதிவை மறக்கலாகாது.

இதில் பணத்தோடு மனமும் கலந்திருக்கிறது. தம் பெற்றோரைப் படுக்கை வசதியுடன் அழைத்துவர விரும்பும் பிள்ளைகளும், "எங்களுக்கெதற்கு இந்தச் செலவு?" என்று மறுக்கும் பெற்றோரும் பல வீடுகளில் உண்டு. இருவருக்கும் இடைப்பட்ட வழி ஒன்று உள்ளது. முழுப் பயணத்துக்கும் உயர் வகுப்பு எடுக்காமல், நீண்ட இரவுப் பகுதிக்கு மட்டும் பிரீமியம் எகானமியும் நடைபாதை ஓர இருக்கையும் எடுக்கலாம்.

குழந்தைகளுடன் செல்வோர்: குழந்தையை அருகில் அமர்த்துவதற்காக மட்டும் இருக்கைக்குப் பணம் செலுத்தும் முன் விதியை அறிந்துகொள்ள வேண்டும். ஒரே முன்பதிவு எண்ணில் பயணிக்கும் 12 வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்குப் பெற்றோர் அல்லது பாதுகாவலர் ஒருவரின் அருகில் இருக்கை வழங்குமாறு சிவில் விமானப் போக்குவரத்து இயக்குநரகம் 2024 ஏப்ரலில் இந்திய விமான நிறுவனங்களுக்கு அறிவுறுத்தியது.

குறைந்த செலவில் கிடைக்கும் வசதிகள்

விமான வகை: ஒரே கட்டணத்தில் இரு விமானங்கள் இருந்தால் வகையைப் பார்த்துத் தேர்ந்தெடுக்கலாம். போயிங் 777 விமானத்தின் எகானமியில் பல நிறுவனங்கள் வரிசைக்கு 10 இருக்கைகள் அமைத்துள்ளன. அதில் ஓர் இருக்கையின் அகலம் சுமார் 17 அங்குலம். வரிசைக்கு 9 இருக்கைகள் உள்ள ஏர்பஸ் ஏ350-இலும், வரிசைக்கு 10 இருக்கைகள் உள்ள ஏ380-இலும் இது சுமார் 18 அங்குலம். ஓர் அங்குலம் சிறிதாகத் தோன்றினாலும் 14 மணி நேரத்தில் தோளுக்குத் தோள் உரசாமல் இருக்க அது உதவும். முன்பதிவுப் பக்கத்திலேயே விமான வகை குறிப்பிடப்பட்டிருக்கும்.

ஒரே பயணச்சீட்டு: இரு பகுதிகளையும் தனித்தனியாக வாங்கினால் விலை குறையலாம். ஆனால் முதல் விமானம் தாமதமாகி இணைப்பு தவறினால், இரண்டாவது நிறுவனம் பொறுப்பேற்காது. ஒரே பயணச்சீட்டாக இருந்தால் மாற்று விமானம் ஏற்பாடு செய்வது நிறுவனத்தின் கடமை. முதியோருக்கு இதுவே முதன்மையான வசதி.

கடைசி நேர உயர்வு: முன்பதிவு செய்தபின் சில நிறுவனங்கள் ஏலமுறையிலோ, பயணப் பதிவின்போது குறைந்த விலையிலோ உயர் வகுப்பை வழங்குகின்றன. இடம் மீந்தால் மட்டுமே இது கிடைக்கும் என்பதால் கட்டாயத் தேவை உள்ளோர் இதை நம்பியிருக்க முடியாது.

பணம் செலுத்தியும் வசதி கிடைக்காவிட்டால்?

உயர் வகுப்புக்குப் பணம் செலுத்தியவரை அவரது விருப்பமின்றிக் கீழ் வகுப்புக்கு மாற்றினால் ஈடு பெறும் உரிமை உண்டு. சிவில் விமானப் போக்குவரத்து இயக்குநரகத்தின் விதி 2023 பிப்ரவரி 15 முதல் நடைமுறையில் உள்ளது. இதன்படி பன்னாட்டுப் பயணங்களில் 1,500 கிலோமீட்டர் வரை பயணச்சீட்டுத் தொகையில் 30 சதவீதமும், 1,500 முதல் 3,500 கிலோமீட்டர் வரை 50 சதவீதமும், அதற்கு மேற்பட்ட தூரத்துக்கு 75 சதவீதமும் வரி உட்படத் திருப்பி வழங்கப்பட வேண்டும். உள்நாட்டுப் பயணத்துக்கு 75 சதவீதம். இதற்காகப் பயணச்சீட்டையும், விமானத்தில் ஏறும்போது வழங்கப்பட்ட அட்டையையும் பயணம் முடிந்தபின்னும் பாதுகாத்து வைக்க வேண்டும்.

முடிவெடுக்கும் முன் கேட்க வேண்டிய நான்கு கேள்விகள்

கூடுதல் கட்டணம் செலுத்தும் முன் பயணிகள் பின்வரும் வரிசையில் சிந்திக்கலாம்.

1. ஒரே விமானத்தில் எட்டு மணி நேரத்துக்கு மேல் அமர வேண்டுமா? இல்லையெனில் கூடுதல் கட்டணம் பெரும்பாலும் தேவையில்லை.

2. அந்த நேரம் இரவா, இறங்கியவுடன் ஆற்ற வேண்டிய பணி உள்ளதா? இரண்டுக்கும் ஆம் எனில் உறக்கத்துக்குப் பணம் செலுத்துவதில் பொருள் உண்டு.

3. பயணிப்பவரின் உடல்நிலை சாதாரண இருக்கையைத் தாங்குமா? தாங்காது எனில், விருந்தினருக்குச் செய்யும் ஆடம்பரமாக அதைக் கருதாமல் மருத்துவச் செலவைப் போலவே கருதலாம்.

4. இந்தப் பணம் கையிருப்பிலிருந்து வருகிறதா, கடனிலிருந்து வருகிறதா? கடன் எனில் கூடுதல் கால் இட இருக்கையோடு நிறுத்திக்கொள்வது நலம்.

இந்தியாவின் முதல் குறைந்த கட்டணப் பன்னாட்டு விமான நிறுவனமான ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ், 2005 ஏப்ரல் 29-இல் திருவனந்தபுரத்திலிருந்து அபுதாபிக்குத் தனது முதல் விமானத்தை இயக்கியது. உணவு, இருக்கைத் தேர்வு போன்றவற்றைக் கட்டணத்திலிருந்து பிரித்து விற்கும் முறை அதன்பின் எல்லா வகை நிறுவனங்களுக்கும் பரவியுள்ளது. முன்பு கட்டணத்துக்குள் அடங்கியிருந்த பல வசதிகள் இன்று தனித்தனி விலையுடன் திரையில் வந்து நிற்கின்றன. அவை அனைத்தையும் வாங்க வேண்டிய கட்டாயமில்லை. அனைத்தையும் மறுக்க வேண்டியதும் இல்லை. பயணத்தின் எந்தப் பகுதி உடலுக்குக் கடினமானதோ அந்தப் பகுதிக்கு மட்டும், அதைத் தாங்க இயலாதவருக்கு மட்டும் செலவிடுவதே சிக்கனமும் நலமும் ஒருங்கே காக்கும் வழியாகும்.